ஹவாய் செருப்பு கவுனும் அனுமதி கிடைக்காத பாறையும்: ‘பிரிசில்லா’ படப்பிடிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1993-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சிறிய படக்குழு பாலைவனத்துக்குக் கிளம்பியது. மூன்று மேடைக் கலைஞர்கள் பழைய பஸ் ஒன்றில் சிட்னியிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை போகும் கதை. சிரிப்பும் கண்ணீரும் கலந்த அந்தப் படம் ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் பிரிசில்லா, குயீன் ஆஃப் தி டெசர்ட்’ என்ற பெயரில் 1994-ல் வெளியானது. பிரிசில்லா என்பது அந்தப் பஸ்ஸுக்கு அவர்கள் வைக்கும் பெயர். குறைந்த பணத்தில், ஊர் விட்டு ஊர் போய், கனமான வேடங்களோடு படமெடுக்கிறவர்களுக்கும் மேடைக் குழுவை வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் அந்தக் குழு எடுத்த முடிவுகள் இன்றும் உதவும். ஆய்வின் வழக்கப்படி ஆட்களைப் பெயரால் சொல்லாமல் அவரவர் பொறுப்பால் குறிப்பிடுகிறோம். குழுவின் செயலாகச் சொல்பவை வெளியில் தெரிந்த தகவல்கள். துணி, பசை, காற்று பற்றிய விவரங்கள் இந்தத் தொழிலின் பொது அறிவு.

பின்னணி

டிராக் என்பது ஒரு மேடைக் கலை. பெரும்பாலும் ஆண்கள், வேண்டுமென்றே மிகைப்படுத்திய பெண் வேடத்தில், பதிவான பாட்டுக்கு வாயசைத்து ஆடுவார்கள். இதைத் திருநங்கையராக வாழ்வதோடு குழப்பிக்கொண்டால் படத்தின் பாதி புரியாது. கதையின் மூவரில் டிக், ஆடம் இருவரும் டிராக் கலைஞர்கள். வேடம் கலைத்தால் ஆண்கள். பெர்னடெட் திருநங்கை. மேடையிலும் சரி, வெளியிலும் சரி, அவர் பெண்தான். டிக்குக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மனைவியும் ஒரு மகனும் இருக்கிறார்கள். அது மற்ற இருவருக்கும் தெரியாது. பயணத்தின் உண்மைக் காரணமே அதுதான்.

பாலினச் சிறுபான்மையினர் சிட்னியில் ஆண்டுதோறும் நடத்தும் மார்டி கிரா ஊர்வலம் முடிந்த தெருவில், யாரோ ஒருவரின் தலையலங்காரத்திலிருந்து விழுந்த இறகு காற்றில் உருண்டு போனதைப் பார்த்தபோது இந்தக் கதை தோன்றியதாக இயக்குநர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதாபாத்திரங்களுக்கு சிட்னி மேடைகளில் ஆடிவந்த உண்மையான டிராக் கலைஞர்களின் வாழ்க்கை அடித்தளம். கதை தொடங்கி முடியும் இடமான எர்ஸ்கின்வில் இம்பீரியல் ஹோட்டலும் டிராக் காட்சிகள் நடந்த நிஜமான மதுக்கூடம்.

காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஆண்களுக்கிடையிலான பாலுறவு தென் ஆஸ்திரேலியாவில் 1975-லும் நியூ சவுத் வேல்ஸில் 1984-லும் குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது. டாஸ்மேனியாவில் 1997 வரை நீங்கவில்லை. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்தது. பிரோக்கன் ஹில்லில் இரவு ஆடிப் பாராட்டு வாங்கியவர்கள் காலையில் வந்து பார்க்கும்போது பஸ்ஸில் எய்ட்ஸைச் சொல்லி வசை எழுதியிருக்கும் காட்சி, அந்த ஆண்டுகளின் நேரடிப் பதிவு.

கையில் இருந்தவையும் இல்லாதவையும்

மொத்தச் செலவுத் திட்டம் சுமார் 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். கதை கேட்பதோ சிட்னி, பிரோக்கன் ஹில், கூபர் பீடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று கண்டத்தின் நடுப்பகுதி வரை நீளும் சாலை. சிட்னியிலிருந்து பிரோக்கன் ஹில் மட்டுமே 1,100 கிலோமீட்டருக்கு மேல். கூபர் பீடியிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இன்னொரு 690 கிலோமீட்டர் அளவு. இடையில் ஒரு ஊசி முறிந்தால் வாங்கக் கடை கிடையாது.

வண்டி 1976-ல் தயாரான ஜப்பானிய ஹினோ பஸ். நடிகர்கள் மூவரில் ஒருவர் 1960-களிலிருந்து பெயர்பெற்ற பிரிட்டிஷ் நட்சத்திரம். ஒருவர் தொலைக்காட்சித் தொடரால் அறிமுகமான இளைஞர். மூவருக்குமே டிராக் மேடை பழக்கமான தொழில் இல்லை.

ஆடைக்கு ஒதுக்க முடிந்த தொகை மிகக் குறைவு. ஆனால் இந்தக் கதையில் ஆடை இரண்டாம் பட்சம் ஆகவே முடியாது. வேடம் மாறும் ஒவ்வொரு தடவையும் கதை ஒரு படி நகர்கிறது. புழுதி படிந்த சுரங்க ஊரின் தெருவில் மூவரும் முழு வேடத்தில் இறங்கி நடக்கிறார்கள் என்றால் வசனமே தேவையில்லை. ஊர் மக்களின் முகமும் அந்த உடையும் ஒரே சட்டகத்தில் இருந்தால் போதும். பணம் குறைந்தபோது ஆடையைக் குறைக்காமல், ஆடை செய்யும் பொருளை மாற்றியதுதான் இந்தக் குழு எடுத்த முதல் பெரிய முடிவு. மிகச் சரியான முடிவும் அதுதான்.

முதல் முடிவு: விலையில்லாப் பொருளில் ஆடை

இரண்டு இளம் வடிவமைப்பாளர்கள் பொறுப்பேற்றார்கள். அவர்கள் செய்ததில் உலகம் நினைவில் வைத்திருப்பது ரப்பர் செருப்பு கவுன். ஆஸ்திரேலியாவில் கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் எல்லோரும் போட்டுக்கொண்டு போகும் செருப்பு, நம் ஊரில் ஹவாய் செருப்பு என்று வாங்குவதே. மலிவு விலைக் கடையில் வாங்கிய பல நிறச் செருப்புகளைக் கோத்துக் குட்டைக் கவுனாக்கி, காதிலும் செருப்பையே தொங்கவிட்டார்கள். அதற்கான செலவு 7 டாலர் என்பது அவர்கள் வாயாலேயே வந்த கணக்கு.

இது வெறும் சிக்கனம் என்று கடந்துவிடக் கூடாது. டிராக் உடையின் இலக்கணமே வீட்டில் கிடக்கும் சாதாரணப் பொருளை ராணி உடையாக்குவது. பார்ப்பவருக்கு அந்தப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் சிரிப்பு வரும், சிரிப்புக்குப் பின் வியப்பு வரும். பட்டும் ஜரிகையும் வாங்கியிருந்தால் அழகு கிடைத்திருக்கும், இந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது.

செருப்பு கவுன் மாதிரி ஒன்றைச் செய்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் உண்டு. நுரை ரப்பரில் நேராக நூல் போட்டுத் தைத்தால் நூல் ரப்பரை அறுத்துக்கொண்டு வெளியே வரும். துளை போட்டு, துளைக்கு உலோக வளையம் அடித்து, அதன் வழியாகக் கயிறோ வளையமோ கோக்க வேண்டும். எடையை ரப்பர் தாங்கக் கூடாது, உள்ளே ஒரு அடித்துணி தாங்க வேண்டும். இல்லையென்றால் மேல் வரிசை இழுபட்டு, மதியத்துக்குள் கழுத்துப் பகுதி ஒரு விரல் கீழே இறங்கியிருக்கும். காலையில் எடுத்த ஷாட்டும் மாலையில் எடுத்ததும் ஒட்டாது. உட்கார முடியாது என்பதையும் முன்பே கணக்கில் வைத்து, நின்றபடி சாய்ந்து இளைப்பாறப் பலகை ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொள்வது நல்லது.

இன்னொரு யோசனை கைகூடவில்லை. கடன் அட்டைகளால் ஆன கவுன் ஒன்றைப் படத்துக்காகத் திட்டமிட்டிருந்தார்கள். அட்டை நிறுவனம் சம்மதிக்கவில்லை. அந்த யோசனையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததன் பலன் பின்னால் வரும்.

சாலையில் கவனிக்க வேண்டியிருந்தவை

பாலைவனத்தில் டிராக் வேடத்துக்கு எதிரிகள் மூன்று: வெப்பம், சிவப்புப் புழுதி, காற்று.

வெளியே 30 டிகிரி இருந்தாலே, வெயிலில் மூடி நிறுத்திய பஸ்ஸுக்குள் 50-ஐத் தாண்டும். க்ளூ கன் பசை அதற்கும் கொஞ்சம் மேலேயே இளகத் தொடங்கிவிடும். சிட்னியில் ஒட்டிய சமிக்கியும் கல்லும் பெட்டியைத் திறக்கும்போது அடியில் குவிந்து கிடப்பது இதனால்தான். சாலைப் பயண வேடத்துக்கு ஒட்டுவது தற்காலிகம், தைப்பதுதான் வேலை. அவசரத்துக்கு ஒட்டினாலும் மூன்று நான்கு இடத்தில் நூல் முடிச்சு விழ வேண்டும். செயற்கை முடி விக் இதே சூட்டில் சுருளை இழந்து தொங்கிவிடும், உராயும் இடத்தில் பஞ்சாகிவிடும். விக்கைத் தலை வடிவக் கட்டையில் குத்தி, வலை போர்த்தி, பஸ்ஸின் நிழல் பக்கம் தரையோடு வைப்பார்கள். மேல் பரணில் வைத்தால் கூரைச் சூடு நேராக இறங்கும்.

ஒப்பனையின் வரிசையும் கறாரானது. நன்றாக மழித்து, தோல் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அடுத்தது புருவம். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பசைக்குச்சியை மெல்லிய மூன்று படலமாகத் தடவி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. அதன் மேல் பவுடர் அழுத்தினால் புருவம் மறையும், புதுப் புருவத்தை மேலே வரையலாம். தாடி நிழலின் நீலச் சாயலை ஆரஞ்சு நிறப் பூச்சு கொன்றுவிடும். அதன் மேல்தான் தோல் நிறம். கடைசியில் பவுடரைத் திட்டாகப் போட்டு, பத்து நிமிடம் அசையாமல் விட்டுத் தட்டிவிட வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் வேலை இது. வேர்வையில் முதலில் கிளம்புவது மேலுதடு. அங்கே ஒற்றி எடுக்க வேண்டுமே தவிரத் துடைக்கக் கூடாது. துடைத்தால் ஆரஞ்சு வெளியே வந்துவிடும். மூன்று முகம் என்றால் விடியும் முன்பே நாற்காலி போட்டாக வேண்டும். விடிகாலையின் நல்ல வெளிச்சம் பெரும்பாலும் ஒப்பனையிலேயே கழிந்துபோகும். ஆகவே முழு வேடக் காட்சிகளை மாலை வெளிச்சத்துக்கும், வேடமில்லாத காட்சிகளைக் காலைக்கும் வைப்பது இந்த மாதிரிப் படத்தில் ஷெட்யூல் போடுகிறவர் முதலில் கற்கும் பாடம்.

பஸ் கூரைக் காட்சி

ஓடும் பஸ்ஸின் கூரையில் ராட்சத வெள்ளிக் குதிகால் செருப்பு. அதில் ஆடம், ஃபெலிசியா என்ற தன் மேடை வேடத்தில். பின்னால் பல மீட்டர் நீளத்துக்கு வெள்ளித் துணி காற்றில் விரிந்து பறக்க, வெர்டியின் ‘லா திராவியாத்தா’ ஆபெராப் பாட்டுக்கு வாயசைக்கிறான். சுற்றிலும் மனிதரே இல்லாத சமவெளி. பார்க்க ஆளில்லாத இடத்தில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்ற கேள்விதான் அந்தக் காட்சியின் உயிர். படத்தின் பொருளை ஒரே ஷாட்டில் சொல்லச் சொன்னால் இதைத்தான் காட்டுவோம்.

வடிவமாகப் பார்த்தால் எளிது: துணி, காற்று, ஒரு ஆள். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறும். மணிக்கு 40 கிலோமீட்டரில் காற்றுக்கு நேர் எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 8 கிலோ விசை. 80 கிலோமீட்டரில் 30 கிலோவைத் தாண்டும். பறக்கும் துணி தட்டையாக நிற்பதில்லை என்பதால் இழுவை குறையலாம். ஆனால் குறுக்குக் காற்று ஒரு முறை துணியைச் சுருட்டிப் பிடித்தால் அத்தனை விசையும் கட்டிய இடத்தில் ஒரே இழுப்பாக விழும். அதனால் துணியின் நுனி நடிகரின் உடம்பில் இருக்கவே கூடாது. கூரையோடு போல்ட் போட்ட சட்டத்தில் கட்டி, உடையோடு சேர்ந்தது போலத் தோற்றம் மட்டும் தர வேண்டும். நடிகருக்கு உடைக்குள் தனிப் பாதுகாப்புப் பட்டி, அதற்கும் தனிக் கொக்கி. துணியை ஒரே இழுப்பில் கழற்றிவிடும் முடிச்சு, அதைப் பிடித்தபடி காமிராவுக்குத் தெரியாமல் குனிந்திருக்கும் ஒரு ஆள். ஓட்டுநருக்கும் அந்த ஆளுக்கும் வாக்கிடாக்கி.

வேகத்தைக் குறைத்து எடுப்பதில் நஷ்டமில்லை. வெள்ளி லாமே (உலோக இழை கலந்து நெய்த பளபளப்புத் துணி) போன்ற மெல்லிய துணி 40 கிலோமீட்டரிலேயே முழுதாக விரியும். அதன் ஓரம் மிக எளிதில் பிரிந்து நூலாகும் என்பதால் ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போடாமல் கூரைக்கு ஏற்றவே கூடாது.

அனுமதி மறுக்கப்பட்ட பாறை

கதையில் மூவருக்கும் ஒரு ஆசை: முழு வேடத்தில் பாலைவனப் பாறையின் உச்சியில் ஏறி நிற்பது. முதல் திட்டத்தில் அந்தப் பாறை உலுரு.

உலுரு 1985 அக்டோபர் 26 அன்று அதன் மரபு உரிமையாளர்களான அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்குத் தேசியப் பூங்காவாக விட்டு, நிர்வாகத்திலும் பங்கேற்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாறை புனிதமானது. சில பகுதிகளைப் படமெடுப்பதற்கே தடை உண்டு. படக்குழுவுக்கு உச்சிக் காட்சிக்கு அனுமதி கிடைக்கவில்லை.

மாற்று, வடார்க்கா தேசியப் பூங்காவில் உள்ள கிங்ஸ் கேன்யன். செங்குத்தான மணற்கல் சுவர்கள் நூறு மீட்டருக்கும் மேல் உயரம். விளிம்பைச் சுற்றும் பாதை சுமார் 6 கிலோமீட்டர், தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறும் படிகள். வண்டி மேலே போகாது. இப்படி ஒரு இடத்தில் வேடத்தோடு ஏறுவது திரையில் மட்டும் நடக்க வேண்டியது. நடைமுறையில் தடித்த அடிப்பாகம் உள்ள காலணியில் ஏறி, இறகுத் தலையலங்காரத்தைத் தனிப் பெட்டியில் சுமந்து, உச்சியில் நிழல்துணி கட்டி உடுத்திவிட்டு, ஷாட்டுக்கு மட்டும் குதிகால் செருப்பு மாட்டுவதே முறை. மணற்கல் விளிம்பு உதிரும். கூர்க்குதிகாலில் உடம்பின் பாரம் ஒரு நாணய அளவு இடத்தில் விழுவதால் எந்தக் கல்லில் நிற்பது என்பதைக் கால் வைத்துப் பார்த்துக் குறித்துவிட வேண்டும்.

இந்த மாற்றத்தால் படம் மெருகேறியது என்பது எங்கள் கணிப்பு. உலுருவின் உச்சியில் நின்றிருந்தால் அது எதையோ வென்ற காட்சியாகியிருக்கும், அதுவும் பிறர் வழிபடும் இடத்தை மிதித்து வென்றது. கேன்யன் விளிம்பில் மூன்று சின்ன உருவங்கள், எதிரே முடிவில்லாத நிலம். ஆசை நிறைவேறிய கணத்திலேயே வீட்டு நினைப்பு வருகிறது. கதைக்கு வேண்டிய உணர்வு இதுதான்.

இதே நிலத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. பழங்குடியினர் இரவு நெருப்பைச் சுற்றிக் கூடியிருக்கும் இடத்துக்கு மூவரும் போய்ச் சேர்ந்து ஆட, டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக் குழலின் இசை பாட்டோடு சேர்கிறது. அவர்களில் ஒருவரும் உடை மாட்டிக்கொண்டு ஆட்டத்தில் கலந்துகொள்கிறார். படத்தில் பயணிகளுக்குக் கிடைக்கும் கள்ளமில்லாத முதல் வரவேற்பு அது.

பின்விளைவுகள்

1994 மே மாதம் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டபோதே கூட்டம் படத்தைத் தூக்கிக் கொண்டாடியது. ஆஸ்திரேலியாவில் மட்டும் வசூல் 1.6 கோடி டாலரைத் தாண்டியது. பிரிட்டிஷ் திரைப்பட அகாதெமி ஆடைக்கும் ஒப்பனைக்கும் விருது தந்தது. 1995 மார்ச்சில் ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்கரும் வந்தது. அந்த மேடைக்கு வடிவமைப்பாளர்களில் ஒருவர் காலாவதியான 254 தங்க நிறக் கடன் அட்டைகளால் ஆன கவுனில் ஏறினார். படத்துக்குச் சம்மதிக்காத நிறுவனம் இந்த முறை அட்டைகளைத் தந்திருந்தது.

2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் பஸ்ஸின் மாதிரியும் டிராக் ராணிகளும் மைதானத்தைச் சுற்றின. 2006-ல் சிட்னியில் மேடை இசை நாடகமாகி, 2009-ல் லண்டனுக்கும் 2011-ல் நியூயார்க் பிராட்வேக்கும் போனது. அதற்கும் அதே இருவரின் ஆடைகள், அதற்கும் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது.

எதிர்ப்புகளும், மாற வேண்டியவையும்

பாராட்டுக்கு நடுவே நியாயமான எதிர்ப்பும் எழுந்தது. பாலைவன ஊர் ஒன்றில் வரும் பிலிப்பைன்ஸ் மனைவி பாத்திரம் அந்தச் சமூகத்துப் பெண்களைக் கேலிப்பொருளாக்கியது என்று ஆஸ்திரேலியாவில் வாழும் பிலிப்பைன்ஸ் மக்கள் கண்டித்தார்கள். அவர்கள் சொன்னது சரி. ஒதுக்கப்பட்ட மூவரின் வலியை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த எழுத்து, அவர்களைவிட ஆதரவற்ற ஒரு பெண்ணைப் பார்க்கும்போது மட்டும் மழுங்கிவிடுகிறது. திரைக்கதை வரைவைச் சம்பந்தப்பட்ட சமூகத்தில் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, பணம் தந்து கருத்து வாங்குவது இன்று வழக்கத்துக்கு வந்திருக்கிறது. ஆகும் செலவு ஒரு நாள் படப்பிடிப்புச் சாப்பாட்டுக் கணக்கைவிடக் குறைவு.

பெர்னடெட்டாக ஒரு ஆண் நடித்ததைப் பற்றி இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது. நடிப்பு உயர்ந்தது. சலிப்பும் கண்ணியமும் கலந்த அந்தப் பார்வையை மறக்க முடியாது. ஆனாலும் இன்று இதே படத்தைத் தொடங்கினால் அந்த வேடத்துக்குத் திருநங்கை நடிகரைத் தேடுவதே முறை. அவருடைய பழைய ஆண் பெயரைச் சொல்லிச் சீண்டும் வசனத்தையும் இன்று யாரும் யோசிக்காமல் எழுத முடியாது.

வாழ்க்கையைத் தந்த மேடைக் கலைஞர்களின் விஷயமும் இருக்கிறது. நிஜ ஆட்களின் வாழ்விலிருந்து கதை எடுத்தால், அவர்கள் பங்கு என்ன, பெயர் எங்கே வரும், மேடை நாடகமாகவோ தொடர்ச்சியாகவோ வளர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதை முதல் நாள் படப்பிடிப்புக்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். படம் ஓடிய பிறகு பேசினால் நட்புதான் முதலில் போகும்.

கடைசியாகப் பஸ். படப்பிடிப்பு முடிந்ததும் அது வேறு வேலைகளுக்குப் போய், எங்கே என்று தெரியாமல் மறைந்தது. பல ஆண்டுகள் கழித்து நியூ சவுத் வேல்ஸின் வடக்கே யூவிங்கர் என்ற சிற்றூரில் ஒரு நிலத்தில் துருப்பிடித்து நின்றபடி கிடைத்தது. காட்டுத்தீக்கும் தப்பியிருந்தது. தென் ஆஸ்திரேலிய வரலாற்று அறக்கட்டளை அது அசல்தானா என்று சரிபார்த்து, புதுப்பித்து பேர்ட்வுட் தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தில் வைக்கும் திட்டத்தை 2024-ல் அறிவித்தது. இப்படி அலைய வேண்டியதைத் தவிர்க்க முடியும். படப்பிடிப்பின் கடைசி நாளில் அடிச்சட்ட எண்ணைப் புகைப்படம் எடுத்துத் தயாரிப்புக் கோப்பில் சேர்க்க வேண்டும். பூசிய வண்ணத்தின் கடை எண், திரைச்சீலைத் துணியில் ஒரு துண்டு, உள்ளே செய்த மரவேலையின் அளவுகள் ஆகியவற்றையும் ஒரே உறையில் போட்டு, வண்டி யாருக்கு விற்கப்பட்டது என்ற ரசீதின் நகலோடு மாநில ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பிவிட வேண்டும். உடைகளுக்கும் இதே நடைமுறைதான்: ஒவ்வொன்றிலும் உட்புறம் துணிப்பட்டை தைத்து, அதில் காட்சி எண்ணும் அணிந்த பாத்திரத்தின் பெயரும் அழியாத மையில் எழுத வேண்டும்.